நூற்றுக்கு நூறு மூலிகை

என் வீட்டுக்காரருக்கு நான் சொன்னால் எதுவும் காதில் ஏறாது. அதையே அச்சடித்த காகிதத்தில் பார்த்துவிட்டால் கையெடுத்துக் கும்பிடாத குறைதான். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், தீப்பெட்டி அட்டை, கடலை மடித்து வந்த பேப்பர் என்று எதுவாக இருந்தாலும் முழுதாகப் படித்துவிட்டுத்தான் கீழே போடுவார். "அச்சில போட்டிருக்காம்லா, சும்மாவா போடுவான்?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏனென்றால் அச்சில் போடுகிறவளே நான்தான்.

தென்காசியில் ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த அச்சகத்தில் அச்சுக் கோக்கிற வேலை எனக்கு. எழுபதுகளின் கடைசியில் சேர்ந்தேன். ஈய எழுத்துகளை அறை அறையாகப் பிரித்த மரத்தட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தலைகீழாக அடுக்கி, நூல் சுற்றிக் கட்டிக் கொடுக்க வேண்டும். அதற்கப்புறம் காலால் மிதித்து ஓட்டுகிற இயந்திரத்தில் ஏற்றி அடிப்பார்கள். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடைத் திருவிழா நோட்டீஸ், குற்றாலத்து லாட்ஜ்களின் ரசீது, ஊறுகாய் லேபிள், சீயக்காய் லேபிள், பல்பொடி லேபிள். லேபிளில் இருக்கிற வார்த்தைகள் எப்படி அங்கே வந்து சேருகின்றன என்று எனக்குத் தெரிந்த அளவு அந்த ஊரில் வேறு பெண்பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. படத்துக்குக் கீழே இடம் காலியாகக் கிடந்தால் 'சுத்தமானது' வரும். இன்னும் கொஞ்சம் இடம் இருந்தால் 'சுகாதாரமானது' வரும். அவ்வளவுதான் சங்கதி.

ஒரு நாள் மதியம் குத்துக்கல்வலசைப் பக்கம் கொட்டகை போட்டிருந்த ஒருவர் வந்தார். கொசுவுக்குப் புகை போடுகிற பொடி தயாரிக்கிறாராம். தணலில் ஒரு சிட்டிகை போட்டால் போதும், கொசு செங்கோட்டையைத் தாண்டி ஓடிவிடும் என்றார். நல்ல பேச்சுக்காரர். வாய் நிறைய வெற்றிலை. எங்கள் முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். வந்தவரும் அண்ணாச்சி அண்ணாச்சி என்று உருகிவிட்டார். கையோடு குற்றாலத்து அருவிப் படம் வெட்டிய பிளாக் ஒன்றும், நொச்சி இலை வெட்டிய சின்ன பிளாக் ஒன்றும் கொண்டுவந்திருந்தார்.

"மை பச்சையிலதான் அடிக்கணும் அண்ணாச்சி."

"மெஷின்ல இப்ப செவப்பு ஓடுது. நாளைக்கு வாருமே."

"நிக்கேன். கழுவிட்டு அடிங்க. பச்சையில அடிச்சாத்தான் இயற்கைன்னு நம்புவான்."

நின்றார். அருவியும் இலையும் வைத்த பிறகு நடுவில் இரண்டு வரிக்கு இடம் மிச்சம் இருந்தது. என்ன போட என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மேலே பார்த்து யோசித்தார். "நூத்துக்கு நூறு மூலிகைன்னு போடும்மா" என்றார். போட்டேன். இன்னும் ஒரு வரி இருக்கிறதே என்றேன். "காத்தைச் சுத்தமாக்கும், மூச்சுக்கு நல்லது. எம்மா, இது பத்துமா?" என்று என்னையே கேட்டார். சரியாகப் பொருந்தியது.

அளவு பார்க்க அவர் கொண்டுவந்திருந்த பொட்டலத்தை நான் பிரித்தேன். மேலே நொச்சித் தூள், வேப்பிலைத் தூள் எல்லாம் இருந்தன. விரலால் கிளறினால் அடியிலிருந்து வெள்ளையாக ஒரு பொடி வந்தது. அந்த வாடை எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் அரிசி மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். மண்டியில் பூச்சி அண்டாமல் இருக்க மூட்டைக்கு அடியில் தூவுகிற பொடியின் வாடை அது. அவர் சட்டையைத் துவைத்தவள் நான். அது எந்தச் சோப்புக்கும் போகாது.

"இது என்ன அண்ணாச்சி வெள்ளையா?" என்று பொடிக்காரரிடமே கேட்டேன்.

"அது இல்லாம எப்படிம்மா? கொசு சாகணும்லா?" என்றார் சாதாரணமாக.

அதே பொடி மண்டிக்கு வருகிற டப்பாவில் சிவப்பு மையில் மண்டையோடு இருக்கும், குறுக்கே இரண்டு எலும்பு இருக்கும். இங்கே அருவி கொட்டிக்கொண்டிருந்தது.

இதை நான் சும்மா கேட்டுவிட்டுப் போயிருப்பேன். ஆனால் என் வீட்டுக்காரருக்கு இழுப்பு. கல்யாணமான புதிதில் மழைக்காலத்தில் மட்டும் வரும். மண்டித் தூசியில் உட்கார்ந்து உட்கார்ந்து எந்த மாதமும் வரலாம் என்று ஆகிவிட்டது. வந்தால் படுக்க முடியாது. சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, தோள் இரண்டும் காதுக்கு ஏறி, நெஞ்சுக்குள்ளே பூனை கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் போல ஒரு தண்டனை கிடையாது. அவர் மூச்சு நிற்காமல் ஓட வேண்டும் என்பது தவிர அந்த வருஷங்களில் எனக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாக ஞாபகம் இல்லை.

பொட்டலம் கடைக்கு வந்து கொஞ்ச நாளிலேயே எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. நான் வாங்கவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு ஆச்சி வைத்திருந்த கடையில் அவரே வாங்கிக்கொண்டு வந்தார். வந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"ஏட்டி, மூச்சுக்கு நல்லதாம்."

"அந்த வரியை அடுக்குனதே நான்தான். இடம் காலியா கெடந்துதுன்னு போட்டது."

"நீ அடுக்குனே, சரி. சொன்னது கம்பெனிக்காரன்லா?"

"கம்பெனியாவது கிம்பெனியாவது, ஒரு கொட்டகை. உங்க மண்டிப் பொடிதான் அதுல இருக்கு. மோந்து பாருங்க."

முகர்ந்தார். நொச்சி வாசம் வருகிறது என்றார். மண்டிப் பொடி டப்பாவைத் தொட்டால் சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவுகிற மனுஷன் அவர். அதைச் சொன்னேன். "அந்த டப்பாவில மண்டையோடு போட்டிருக்கான். இதுல அருவில்லா இருக்கு" என்றார். இதற்கு மேல் நான் என்ன பேச?

கொசுவுக்குப் போட்டிருந்தால்கூட ஒரு மூலையில் புகைந்துவிட்டுப் போயிருக்கும். எங்கள் பக்கத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்தால் தலைக்குச் சாம்பிராணி போடுகிற வழக்கம் உண்டு. ஆண்களுக்குச் சனிக்கிழமை, பெண்களுக்கு வெள்ளி. ஈரத் தலைக்கு அது நல்லது, நீர் கோக்காது என்று சின்ன வயதிலிருந்து மண்டையில் ஏற்றி வைத்திருக்கிறோம். மூலிகைப் புகை என்றால் நல்ல புகை. நல்ல புகையை உள்ளே இழுக்கத்தானே வேண்டும்? என் வீட்டுக்காரர் சாம்பிராணியை நிறுத்திவிட்டு, தூபக்காலில் இந்தப் பொடியைப் போட்டார். போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு, அந்தப் புகையை மூக்கு வழியாக இழுத்தார். இழுப்புக்காரர். கொசு சாகிற புகையை. கொசுவாவது ஜன்னல் வழியாகப் பறந்து போகும். இவர் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தார்.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை. குற்றாலத்தில் சீசன் என்றால் தென்காசியில் எங்கள் வீடு மாதிரி வீடுகளுக்கெல்லாம் விருந்தாளி சீசன். ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்ததும் சொந்தக்காரர்கள் துண்டும் எண்ணெய்ப் பாட்டிலுமாக வந்து இறங்குவார்கள். வேண்டாம் என்று யாரையும் சொல்ல முடியாது. காலையில் அருவி, மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் மறுபடி அருவி. சாரல் அடிக்கிறதே என்று ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிடுவார்கள். அடைத்த வீட்டுக்குள் ஈரத் துணி, ஈரத் தலை, இந்தப் புகை. வாசுதேவநல்லூரிலிருந்து வந்த என் மதினி, அவருடைய அக்கா, முடியை விரித்துத் தூபக்காலுக்கு மேலே காட்டிக்கொண்டு, "வாசமா இருக்குட்டி, ஊருக்குப் போகும்போது நாலு பொட்டலம் வாங்கித் தா" என்றார். கண் சிவந்து தண்ணீர் கொட்டியது. கபம் இறங்குகிறது என்றார்.

அந்த வருஷம் சீசனில் அவருக்கு வந்த இழுப்பு மாதிரி அதற்கு முன்னால் வந்ததில்லை. உதடு கறுத்துவிட்டது. ஜட்கா வண்டியில் போட்டு டாக்டரிடம் கொண்டு போனோம். ஊசி போட்ட பிறகு டாக்டர் கேட்டார், "சிகரெட் உண்டா?"

"இல்லை."

"பீடி?"

"அதெல்லாம் கிடையாது சார்" என்றார் இவர், பெரிய யோக்கியர் மாதிரி. நான் குறுக்கே விழுந்து இந்தப் பொடியைச் சொன்னேன். பையில் பொட்டலத்தையும் கொண்டுபோயிருந்தேன். டாக்டர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அருவியைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்று அதில் எங்காவது எழுதியிருந்தால்தானே அவரும் ஏதாவது சொல்லுவார்? "மூலிகைன்னு போட்டிருக்கு. எதுக்கும் கொஞ்சமா போடுங்க" என்றார். வெளியே வந்ததும் இவர் முகத்தில் ஒரு வெற்றி. "கேட்டியா, டாக்டரே போடச் சொல்லுதாவ" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே, அந்தத் தெருவிலேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல வந்தது.

பொட்டலத்தை ஒளித்து வைத்துப் பார்த்தேன். புதிது வாங்கி வந்தார். தண்ணீரில் கொட்டினேன். விருந்தாளிகள் முன்னால் சண்டை வந்தது. "சம்பாதிக்குத திமிரு" என்று மதினி என் காதில் விழும்படி சொன்னார். மூச்சு வாங்கிக்கொண்டே இவரும் தலையாட்டினார். யாருக்காக நான் இப்படி மல்லுக்கட்டுகிறேன் என்று அன்றைக்கு எனக்கே வெறுத்துவிட்டது.

பொடிக்காரர் அடுத்த லேபிளுக்கு வந்தபோது பிடித்துக்கொண்டேன். ஒரே ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: இழுப்பு உள்ளவர்கள் இந்தப் புகையை முகரக் கூடாது. அவ்வளவுதான்.

"எம்மா, அப்படிப் போட்டா எவன் வாங்குவான்?"

"இழுப்பு இல்லாதவங்க வாங்குவாங்க."

"ஒருத்தனுக்கு ஆகாதுன்னு போட்டா, அடுத்தவனும் யோசிப்பான்மா. பெறகு மூலிகைன்னு போட்டதுக்கு என்ன அர்த்தம்?"

"உங்க வீட்டுல இதைத்தான் போடுதீங்களா அண்ணாச்சி?"

வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டார். "எங்க வீட்டுல கொசுவலை" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கெட்ட மனுஷன் என்று சொல்ல மாட்டேன். எனக்கு ஒரு தடவை சீதாப்பழம் கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் சிரித்தார் பாருங்கள், அதை மட்டும் மறக்க முடியவில்லை.

முதலாளியிடம் போய் நின்றேன். "அவரு சரக்கு, அவரு லேபிளு. நாம அடிச்சுக் கொடுக்கோம். நமக்கு எதுக்கும்மா ஊர் வம்பு?" என்றார். எலி மருந்து லேபிளுக்கு நாமே மண்டையோடு பிளாக் வைத்து அடிக்கிறோமே என்றேன். அது சர்க்கார் சட்டம் என்றார். மூலிகைக்குச் சட்டம் இல்லையாம். அப்படியென்றால் எந்த விஷத்துக்கு மேலும் நாலு நொச்சி இலையைத் தூவிவிட்டால் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளுமா என்று கேட்டேன். கேட்டு என்ன செய்ய? அவர் ஏற்கனவே புரூப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

அடுத்த சீசனுக்கு முன்னால் ஒரு காரியம் நடந்தது. அடித்து அடித்து அருவி பிளாக் தேய்ந்துபோய், அச்சில் அருவி வெறும் கறையாக விழுந்தது. பொடிக்காரர் புது பிளாக் செய்து அனுப்பினார். அது பழையதைவிட ஒரு வரி உயரம் குறைவு. கீழே இடம் காலி. அவர் சரக்கோடு கேரளா பக்கம் போயிருந்தார். சாயங்காலத்துக்குள் லேபிள் வேண்டும் என்று கொட்டகையிலிருந்து ஆள் வந்து நின்றது. அச்சகத்தில் லாட்ஜ் ரசீதும் கொடை நோட்டீஸும் மலையாகக் குவிந்து கிடந்தன. பூ பார்டர் போடலாம் என்றால் அத்தனையும் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாட்டியிருந்தது.

"ஏதாச்சும் ஒரு வரி போட்டு நிரப்பும்மா. இதுக்கெல்லாம் எங்கிட்ட வராதே" என்றார் முதலாளி.

நிரப்பினேன். 'இழுப்பு உள்ளவர்கள் இந்தப் புகையை முகரக் கூடாது.' எந்த எழுத்தையும் இவ்வளவு வேகமாக நான் பொறுக்கியதில்லை. பயம் இல்லை. ஒரு கோபம் மட்டும் இருந்தது. முதலாளி புரூப்பை எடுத்து, அருவி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். பச்சை மையில் அடித்துப் போனது.

வீட்டில் நான் வாயைத் திறக்கவில்லை. அவரே வாங்கி வரட்டும் என்று காத்திருந்தேன். வாங்கி வந்தார். வழக்கம்போல வெளிச்சத்தில் பிடித்தார். படித்தார். மறுபடி படித்தார். முகம் மாறிவிட்டது.

"ஏட்டி, இங்க வா. இதைப் பாரு."

பார்த்தேன்.

"இழுப்புக்காரன் மோந்து பார்க்கப்படாதாம். அச்சில போட்டிருக்கான். இத்தனை நாளா நான் போர்வைக்குள்ள வச்சு இழுத்திருக்கேன். படிச்சவ, அச்சாபீஸ்ல வேலை பார்க்கவ, ஒரு வார்த்தை சொல்லப்படாது?"

நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரு வருஷத்துக்கு மேலாகச் சொல்லித் தீர்த்திருந்தேன். அவர் அந்தப் பொட்டலத்தைக் குப்பையில் போட்டுவிட்டு, மூன்று முறை கை கழுவினார்.

அந்தச் சீசன் முழுவதும் எங்கள் வீட்டில் புகை இல்லை. கொசு கடித்தது, கொசுவலை வாங்கினோம். இழுப்பு முழுசாகப் போகவில்லை, ஆனால் நெஞ்சுச் சத்தம் குறைந்தது. படுத்துத் தூங்கினார். ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய், ஏற்றத்தில் எங்கும் நிற்காமல் பேசிக்கொண்டே ஏறினார். பேசியதெல்லாம் அந்தப் பொடிக்காரரின் யோக்கியதையைப் பற்றி. "தன் சரக்கைத் தானே ஆகாதுன்னு சொல்லுததுக்கு ஒரு மனசு வேணும்லா?" என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனாலும் அவர் பேசிக்கொண்டே ஏறுகிறாரே என்று சந்தோஷமாகவும் இருந்தது. நான் கூடவே நடந்தேன்.

கேரளாவிலிருந்து திரும்பிய பொடிக்காரர் அச்சகத்தில் வந்து ஆடிய ஆட்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை. கடைக்காரர்கள் திருப்பி அனுப்புகிறார்களாம். புரூப்பில் முதலாளியின் கையெழுத்து இருந்ததால் அவரும் என்னை நேராக ஒன்றும் சொல்ல முடியாமல், மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அடுத்த லேபிளில் என் வரி இருந்த இடத்தில் பூ பார்டர் வந்தது. அதை என் கையாலேயே அடுக்க வைத்தார்கள். மாட்டேன் என்றால் வேலை போயிருக்கும். வேலை போனால் அவர் மருந்துக்கு எங்கே போக?

மறு வருஷம் அவர் மண்டியிலிருந்து வரும்போது கையில் பச்சைப் பொட்டலம். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"ஏட்டி, அந்த வரியை எடுத்துட்டான் பாரு!"

"அதுக்கு?"

"அதுக்கா? சரி பண்ணிட்டாம்லா. இப்ப இழுப்புக்காரனுக்கும் ஆகும். இல்லைன்னா எதுக்கு எடுக்கப் போறான்? உண்மையைச் சொல்லுத கம்பெனி."

என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பிளாக் தேய்ந்தது, இடம் காலியானது, வரியைப் போட்டது நான், எடுத்தது அவன், பொடி அதே பொடி. தொண்டை கட்டுகிற அளவு கத்தினேன். அவர் நிதானமாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டுப் பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"அப்ப அது கம்பெனி சொன்னதில்லையா? நீயா போட்டதா?"

"நான்தான் போட்டேன்."

"ஒருத்தன் பொருள்ல நீ எப்படிக் கையை வைக்கலாம்? ஒரு வருசமா நல்ல மருந்தை நிறுத்த வச்சிருக்கே" என்றார். எழுந்து தூபக்காலை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார், தணல் எடுக்க.

நான் உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த கூலி அந்த வாரமே வந்தது. மறுபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். மறுபடி நெஞ்சுக்குள் பூனை. மதினி வந்து, "சூடு பத்தலை, இன்னும் கொஞ்சம் பொகை போடுட்டி" என்றார். நான் ஜன்னலைத் திறந்தேன். அவர் அடைத்தார். மறுபடி திறந்தேன்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், அச்சகத்தில் யாரும் இல்லாதபோது, அந்த வரியை மறுபடி அடுக்கினேன். அதே எழுத்து, அதே அளவு. பச்சை மை இயந்திரத்தில் ஏற்கனவே இருந்தது. வெட்டிக் கழித்த வெள்ளைத் தாளில் கொஞ்சம் அடித்து, சீட்டுச் சீட்டாக வெட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு கடை ஆச்சியிடம் போனேன். விஷயத்தைச் சொன்னேன். எல்லாப் பொட்டலத்திலும் பசை வைத்து ஒட்டும்படி கேட்டேன்.

ஆச்சி சீட்டை வாங்கிப் படித்தார். "ஒன் வீட்டுக்காரரு வாங்குத பொட்டலத்துல ஒட்டித் தாரேன். அது புண்ணியம்" என்றார். "எல்லாத்துலயும் ஒட்டுனா யாவாரம் நடக்குமாட்டி?"

"மத்த வீட்டுல இழுப்புக்காரங்க இருப்பாங்கல்லா ஆச்சி?"

"அவங்க அவங்க பொண்டாட்டி பார்த்துக்கிடட்டும்."

எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். அவர் அசையவில்லை. தென்காசி முழுக்க அந்தப் பொட்டலம் விற்றது. செங்கோட்டையில் விற்றது, வடகரையில் விற்றது. அருவிக்கு வந்தவர்கள் ஊருக்கு ஊர் வாங்கிக்கொண்டு போனார்கள். அத்தனையிலும் ஒரே ஒரு மனுஷனுடைய பொட்டலத்தில் மட்டும் அந்த வரி இருந்தது. இன்றைக்கும் கடையில் இலைப் படம் போட்ட எதையாவது பார்த்தால் எனக்கு முதலில் அதுதான் நினைவுக்கு வரும். நல்லது என்று சொல்ல எல்லாருக்கும் இடம் இருக்கிறது. ஆகாது என்று சொல்ல மட்டும் ஒரு வரிக்கு இடமில்லை.

ஒரு வாரத்தில் அவர் அடுத்த பொட்டலத்தை வாங்கி வந்தார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். வெளிச்சத்தில் பிடிப்பது தெரிந்தது. கையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

"ஏட்டி!"

"என்னங்க?"

"திரும்பப் போட்டுட்டான். இழுப்புக்காரன் மோந்து பார்க்கப்படாதாம். மறந்துட்டான் போல, தனியா அடிச்சு ஒட்டியிருக்கான்." சீட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "கம்பெனிக்காரன் போட்டதை நீ போட்டேன்னு எங்கிட்ட என்னமா கதை விட்டே! பெருமைக்குச் சொன்னியாக்கும்?"

உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் கையில் பொட்டலம் இருந்தது. அடுக்களையில் தணல் இருந்தது.

"ஆமாங்க" என்றேன். "பெருமைக்குத்தான் சொன்னேன்."

அவர் சிரித்தார். பொட்டலத்தைக் குப்பையில் போட்டுவிட்டு, கை கழுவப் போனார்.